கடல்காரரும் படிக்கட்டு ஜன்னலும்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் தெருவில் கடல்காரர் என்று பெயர். கடலில் அவர் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. நீச்சல் தெரியாது. படகில் ஏறினாலே குமட்டும் என்று ஒரு தடவை அவர் வாயாலேயே உளறியிருக்கிறார். ஆனால் வாயைத் திறந்தால் கடல்தான். காலையில் பல் துலக்கிவிட்டு வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார். "இதெல்லாம் ஒரு விடியலா?" என்பார். அங்கே என்றால் இந்நேரம் என்று ஆரம்பிப்பார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். முப்பத்தொரு வருஷமாக எனக்கு இப்படித்தான் பொழுது விடிந்தது.

பிறந்த இடத்தை நினைத்துக்கொள்வதில் தப்பில்லை, யாருக்குத்தான் அது இல்லை. இந்த மனுஷன் அதை நினைத்துக்கொள்ளவில்லை, அதை வைத்து எங்களை அடித்தார். சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டால் கடல் உப்பு இப்படிக் கரிக்காது என்பார். மின்விசிறியைப் போட்டால் இதற்குப் பெயர் காற்றா என்பார். மழை பெய்தால் போச்சு. அங்கே மழை வருவது தூரத்திலேயே தெரியும், கரைக்கு வந்து சேருவதற்குள் துணியெல்லாம் எடுத்துவிடலாம், இங்கே திருட்டு மழை என்பார். மகள் நாலாம் வகுப்பு படிக்கும்போது, நம் ஊரை வரைந்து வா என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். பிள்ளை ஒரு குன்றும் இரண்டு மரமும் பஸ் நிலையமும் வரைந்து வைத்திருந்தது. இவர் அதை வாங்கி, குன்றை அழித்துவிட்டு அலை போட்டுக் கொடுத்தார். அன்று வகுப்பில் அவளை வெளியே நிற்க வைத்தார்கள். சாயங்காலம் அழுதுகொண்டு வந்தவளிடம் டீச்சர் கடலைப் பார்த்திருக்க மாட்டாள் என்று சமாதானம் சொன்னார்.

சரி, அவ்வளவு பிரியமான கடலை விட்டு ஏன் வந்தாராம்? வயிற்றுப்பாடு பிரித்துவிட்டதாம். சொல்லும்போது குரல் கம்மும். உண்மை வேறு. அவருடைய அப்பா கரையோரத்து ஐஸ் தொழிற்சாலையில் கட்டி உடைக்கிற வேலை பார்த்தார். மகனையும் அதே வேலையில் சேர்த்துவிட்டார். இவர் நாலே மாதம் தாக்குப்பிடித்தார். கை கொப்பளித்ததும், மீன் நாற்றத்தில் மனுஷன் இருப்பானா என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அப்போது வயது இருபது. ஒன்பது மணி நேரம் போன பிறகு பஸ் எங்கள் ஊரில் நின்றது. இறங்கியவர், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பெயின்ட் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இறங்கிய மறுநாளே கடலை நினைத்து ஏங்க ஆரம்பித்திருப்பார் என்று நினைக்கிறேன். அதற்கு முந்தின நாள் வரை அவருக்குக் கடல் என்றால் நாற்றம்.

வேலையில் மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். கலர் கலக்குவதில் அவர் கை சுத்தம். பழைய சுவரிலிருந்து பெயர்ந்த காரையில் நகத்தளவு கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்பார்கள். அதைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். வெள்ளை டப்பாவைத் திறந்து, மஞ்சளில் இத்தனை சொட்டு, கருப்பில் இத்தனை சொட்டு என்று விட்டுக் குச்சியால் கலக்குவார். ஒரு அட்டையில் தடவி மின்விசிறிக்கு அடியில் காயவைப்பார். ஈர பெயின்ட் பொய் சொல்லும், காய்ந்தால்தான் உண்மை தெரியும் என்பார். காய்ந்த அட்டையைக் காரைக்குப் பக்கத்தில் வைத்தால் எது எது என்று கடை முதலாளிக்கே தெரியாது.

ஆனால் நீலம் என்று யாராவது கேட்டுவிட்டால் அத்தனையும் போச்சு. எந்த நீலம் கேட்டாலும் அவர் தருவது ஒரே நீலம்தான். "எங்க கடல் நீலம் இது, கண்ணுக்குக் குளிர்ச்சி" என்று தலையில் கட்டிவிடுவார். பள்ளிக்கூடத்துக் கேட், முடிதிருத்தும் கடை ஷட்டர், சைக்கிள் நிறுத்துமிடம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அந்த நீலம். இவருடைய ஏக்கத்தை ஊரே காசு கொடுத்து வாங்கிப் பூசிக்கொண்டது. அதைவிட முட்டாள்தனம் ஏதாவது உண்டா என்று எனக்குத் தெரியாது.

நான் ஆஸ்பத்திரியில் துணிக்கிடங்கில் வேலை பார்த்தேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவை சிகிச்சை அறைத் துணி எல்லாம் என் பொறுப்பு. கிழிந்ததை ஒட்டுப்போட்டு, கறை போகாததைத் தனியே எடுத்து, மடித்து அடுக்கியே என் இடுப்பு போயிற்று. அந்த வேலையைக் காட்டிக் கடன் வாங்கித்தான் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் வீடு கட்டினேன். நான் கட்டினேன் என்றுதான் சொல்வேன். அவர் துரும்பைக்கூட அசைக்கவில்லை. மேஸ்திரியோடு மல்லுக்கு நின்றது நான். மொட்டை வெயிலில் செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றியது நான். சமையலறை மேடையை என் முழங்கை உயரத்துக்கு அளந்து போடச் சொன்னதும் நான். வேறொருத்தி உயரத்துக்குப் போட்ட மேடையில் குனிந்து குனிந்து அதுவரை பட்டது போதும் என்று இருந்தது. அந்தச் சமையலறைக்குள் அவர் இன்றுவரை எட்டிப் பார்த்ததில்லை.

இரண்டு விஷயத்துக்காகச் சண்டை வந்தது. ஒன்று ஜன்னல். மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு ஜன்னல் வைத்தால் சாயங்கால வெளிச்சம் வரும், உட்கார ஒரு திண்டும் கட்டிவிடலாம் என்று ஆசைப்பட்டேன். அவர் குதித்தார்.

"படிக்கட்டுக்கு எதுக்கு ஜன்னல்? தெறந்தா கடலா தெரியப்போகுது?"

நான் கேட்கவில்லை, வைத்துவிட்டேன். இரண்டாவது, நிறம். பாலாடை நிறத்தில் வெளிச்சுவர் வேண்டும் என்றேன். துவைத்துக் காய்ந்த நல்ல பருத்தித் துணியின் நிறம் அது, எனக்குத்தான் தெரியும். எத்தனையோ அட்டையில் தடவிக் காட்டினார், ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கையில் கொடுத்தேன். அன்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் முன்சுவர் முழுக்க நீலம். தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். பாலாடை இங்கே எடுபடாது, புழுதி ஒட்டும் என்றார். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கண்டுகொண்ட மாதிரியும் தெரியவில்லை.

அந்த வீட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. குடிவந்த நாளில்கூட, சத்தமே இல்லாத வீட்டில் எப்படித் தூங்குவது, அலைச்சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான் என்றார். நான் அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பதினெட்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். 'நல்லா கட்டியிருக்கே' என்று மூச்சுவிடுகிற நேரத்தில் சொல்லிவிடலாம். ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டர் வீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார். பால்காரர் சொன்னார். இவர் மட்டும் தினமும் சாயங்காலம் அந்த ஜன்னல் திண்டில் உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு, இருந்தாலும் கடல் மாதிரி வருமா என்பார்.

அறுபது முடிந்து கடையிலிருந்து நின்றதும் குண்டைப் போட்டார். வீட்டை விற்றுவிட்டுக் கடலோரம் போய்விடலாமாம். எதிர் வரிசை மருந்துக்கடைக்காரர் வாங்கத் தயாராம், மாதக் கடைசிக்குள் கையெழுத்தாம். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்ததால் என்னிடம் சொல்ல வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் அதையும் நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்துதான் பார்த்திருப்பேன். மகளுக்குப் போன் போட்டேன். அப்பா ஆசைப்படுகிறார் என்று அவளும் இழுத்தாள். அவளுக்கு என்ன, அவள் வேறு ஊரில் வேறு சமையலறையில் நிற்கிறாள்.

நான் சண்டை போடவில்லை. முதலில் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்றேன். அதுவரை அவர் என்னை அழைத்துப்போனதே இல்லை. நாலு தடவை தனியாகப் போய்வந்தார். ஒவ்வொரு தடவையும் உனக்கு லீவு கிடைக்காது என்று அவரே முடிவு செய்துவிட்டார். அங்கே அவருடைய அக்கா இருக்கிறார், எனக்கு அண்ணி. எங்கள் கல்யாணத்துக்கு வந்தபோது வழியெல்லாம் வாந்தியெடுத்து, இனிமேல் பஸ் ஏறுவதில்லை என்று முடிவுகட்டியவர். வெள்ளிக்கிழமை மத்தியானம் இவர் கடையிலிருந்து அக்காவுக்குப் போன் பேசுவார் என்று தெரியும். அங்கேயும் கடல்புராணம்தான் பாடுவார் என்று நினைத்திருந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடலைப் பார்த்தேன். கலங்கிய மண் நிறத்தில் கிடந்தது. உங்கள் நீலம் எங்கே என்று கேட்டேன். இன்றைக்கு மேகமாக இருக்கிறது என்றார். மேகம் ஒன்றும் இல்லை. பெட்டியைத் தூக்க முடியாமல் அவர் பின்னால் மூச்சுவாங்கிக்கொண்டு வந்தார். நான் முன்னால் போய், வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கயிற்றுக்கடை அம்மா வீடு எது என்று கேட்டேன். அண்ணி வீட்டின் முன்னறையில் படகுக்காரர்களுக்குக் கயிறு, தூண்டில், விளக்கு விற்கிறார்.

"யாரு, மாடிவீட்டுக்காரர் அக்காவா?" என்றார் பெரியவர். "அதோ, அந்தப் பாலாடைக் கலர் வீடு."

அது என் நிறம். நான் தேர்ந்தெடுத்து அட்டையில் காட்டின அதே நிறம். உப்புக் காற்றில் அடிப்பக்கம் கொஞ்சம் உரிந்திருந்தது, மற்றபடி துவைத்துக் காய்ந்த துணி மாதிரி நின்றது. என் வீட்டுக்குக் கேட்டதை ஒன்பது மணி நேரத் தூரத்தில் யாரோ பூசி வைத்திருந்தார்கள்.

அண்ணி என்னைக் கட்டிக்கொண்டார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார், அது உவர்ப்பாக இருந்தது. உங்கள் வீட்டுத் தண்ணீர் மாதிரி வருமா என்று அவரே சொல்லிக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் வெளியே பெட்டியோடு நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அண்ணி பேச ஆரம்பித்தார், நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தால் அண்ணி ஸ்பீக்கரில் போட்டுக் கல்லா மேல் வைத்துவிடுவாராம். கயிறு வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்று கேட்பார்களாம். தம்பி என் வீட்டைப் பற்றியே பேசுவானாம். கூடத்தின் தரை கோடையில் எவ்வளவு குளிரும், மொட்டைமாடியில் துணி எத்தனை நேரத்தில் காயும், கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு இனிக்கும், வீடு எவ்வளவு அமைதி, அலைச்சத்தம் இல்லாமல் மனுஷன் நிம்மதியாகத் தூங்குகிறான். அக்கா, இந்த உப்புக் காற்றில் நீங்களெல்லாம் எப்படித்தான் இருக்கிறீர்களோ என்று பரிதாபப்படுவானாம். அதனால்தான் இங்கே மாடிவீட்டுக்காரர் என்று பெயராம். ஒரு தடவை வந்தபோது இரண்டு பெரிய டப்பா பெயின்ட் தூக்கி வந்து, அவள் தேர்ந்தெடுத்த நிறம், அவள் கண்ணுக்குத் தப்பாது என்று சொல்லி இந்த வீட்டுக்கு அடிக்க வைத்தானாம். நான் கையில் கொடுத்த அந்த அட்டையைக்கூட அண்ணி பத்திரமாக வைத்திருந்தார். அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"சமையலறை எப்படிம்மா கட்டியிருக்கே? அதைப் பத்தி மட்டும் அவன் ஒண்ணுமே சொன்னதில்ல" என்றார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. எனக்குச் சேர வேண்டிய அத்தனை வார்த்தையையும் கயிறு வாங்க வந்தவர்களுக்கு அள்ளி விட்டிருக்கிறார். வலை காயப்போடுகிற பெரியவருக்கு என் மொட்டைமாடி தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் காலையில் கடல், சாயங்காலம் கடல். இவர் எங்கே இருந்தாலும் இன்னொரு இடத்தில்தான் இருப்பார். இங்கே இருந்தபோது இது நாற்றம், அங்கே போனதும் இது சொர்க்கம். நடுவில் இருந்த என்னை ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்படி ஒரு ஆளுக்காகவா நான் மூன்று நாள் பேசாமல் இருந்து கஷ்டப்பட்டேன் என்று என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

மறுநாள் முழுக்க அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். புழுக்கமாம், உடம்பெல்லாம் அரிக்கிறதாம், அலைச்சத்தத்தில் கண் மூட முடியவில்லையாம். சாயங்காலம் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய படகின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்காகிட்ட வீட்டைப் பத்தி என்னென்னவோ சொல்லியிருக்கீங்களாமே."

அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சும்மா பேச்சுக்குச் சொல்றதுதான்."

"அதுல ஒண்ணை என்கிட்ட சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. நம்ம வீடு எப்படி இருக்கு?"

செருப்பைப் பார்த்தார், மணலைப் பார்த்தார். நான் விடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கு. பரவால்ல" என்றார். பிறகு, அதுவே பெரிய விஷயம் என்கிற மாதிரி எரிச்சலோடு கேட்டார். "கூடவே இருக்கிறதைப் பத்தி என்னத்தப் பேசுறது?"

அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோபம்கூடக் கொஞ்சம் அடங்கியது. அதற்குப் பதில் சிரிப்பு வந்தது, அதுவும் நல்ல சிரிப்பு இல்லை.

"அப்ப வீட்டை வித்துட்டு இங்க வந்துட்டா, தினமும் காலையில அந்த வீட்டைப் பத்தி என்கிட்ட பேசுவீங்க. தரை எப்படிக் குளிரும், தண்ணி எப்படி இனிக்கும்னு. மருந்துக்கடைக்காரர் அதுல உக்காந்திருப்பாரு, நான் இங்க உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கணும். அப்படித்தானே?"

மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க இருங்க, ஆசைப்பட்ட இடம்தானே."

நானும் வருகிறேன் என்று சொல்வார் என்று ஒரு பக்கம் நினைத்தேன். சொல்வாரா? முப்பது வருஷம் அளந்துவிட்டு இரண்டாம் நாளே பெட்டியைக் கட்டினால் எங்கள் தெரு சிரிக்குமே. அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னேன். என் நிற அட்டையை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினேன். ஒன்பது மணி நேரமும் நிம்மதியாகத் தூங்கினேன். மருந்துக்கடைக்காரரிடம் வீடு விற்பதற்கு இல்லை என்று தெருவில் நிற்க வைத்தே சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் ஆள் வைத்து நீலத்தைச் சுரண்டினேன். பழைய கடையில் இப்போது மெஷின்தான் கலக்குகிறது, அட்டையைக் காட்டினேன், ஓரளவுக்கு வந்தது. அவர் கை அளவுக்கு வரவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஜன்னல் கம்பியை மட்டும் நீலமாக விடட்டுமா அம்மா என்று பெயின்டர் கேட்டார். ஒரு பொட்டு நீலம்கூட இருக்கக்கூடாது என்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணியிடமிருந்து போன் வந்தது. பேசாமல் கேளும்மா என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கல்லா மேல் வைத்தார். கயிற்றுக்கடையில் நாலைந்து பேர் இருக்கிற சத்தம் கேட்டது. நடுவில் அவர் குரல், முப்பத்தொரு வருஷத்தில் என்னிடம் பேசியிராத ஒரு குழைவோடு. நான் மாடிப்படி ஏறி ஜன்னல் திண்டில் போய் உட்கார்ந்தேன். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை.

"மாடிப்படி திரும்புற இடத்துல ஒரு ஜன்னல் இருக்கு பாருங்க. சாயங்காலம் அங்க டீயோட உக்காந்தா எழுந்திருக்கவே மனசு வராது. அந்த மாதிரி ஒரு வெளிச்சத்தை நான் எங்கயும் பார்த்ததில்ல. கடலா, இது என்ன கடல்? மேஸ்திரி வேண்டாம்னுதான் சொன்னான். நான்தான் பிடிவாதமா வெக்கச் சொன்னேன்."

பாவி, அதையும் தன் பேரில் போட்டுக்கொண்டார். போனுக்குள் புகுந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொல்லி முடிக்கிற வரை கேட்டேன். தரைக்கு வந்தார், தண்ணீருக்கு வந்தார், மொட்டைமாடிக்குப் போனார். கடையில் யாரோ, அப்புறம் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் மறுபடி ஜன்னலிலிருந்து ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனது தெரிந்தது.

"பாவமா இருக்கும்மா. சாப்பாடே சரியா இறங்கல. நாளைக்கு பஸ் ஏத்தி விட்டுடட்டுமா?"

"இன்னும் ரெண்டு வெள்ளிக்கிழமை போகட்டும் அண்ணி" என்றேன். "சமையலறையைப் பத்தி அவர் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."